மூன்றாவது கம்பி

கம்பத்தில் ஏணியைச் சாத்தியதும் செபாஸ்தியான் நெஞ்சில் தொங்கும் மஞ்சள் பையைத் தட்டிப் பார்க்கிறார். உள்ளே ஃபியூஸ் கட்டைகள் கடகடக்க வேண்டும், அப்போதுதான் மேலே ஏறுவார். டிரான்ஸ்பார்மரில் பிடுங்கிய கட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. "அங்க வச்சிட்டு வந்தா, மோட்டாரு ஓடலன்னு எவனாச்சும் சொருவிட்டுப் பூடுவான். கட்ட என் கழுத்துல இருக்கறவரைக்கும் உசுரு என்னுது" என்பார்.

கச்சிராயபாளையம் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்தான் லைன்மேன். கல்வராயன் மலையிலிருந்து காற்று இறங்கினால் எங்காவது கம்பி அறுந்து அழைப்பு வரும், அவர் தட்டில் சோறு ஆறும். போனை எடுத்தால் முதல் வார்த்தையே "வந்துக்கினே இருக்கேன்" தான். அப்போது வீட்டில் மீசையைச் சீவிக்கொண்டிருப்பார் என்பது ஊருக்கே தெரியும்.

இன்னொரு பழக்கத்துக்காக அவரைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கரண்ட்டை நிறுத்திவிட்ட கம்பியைக்கூட நேரே தொடமாட்டார். நுனியில் கொக்கி வைத்த நீளமான கழி ஒன்று வைத்திருக்கிறார். அதிலிருந்து தரைக்கு ஒரு செப்பு ஒயர் போகும்; கம்பியில் கரண்ட் இருந்தால் அதை மண்ணுக்கு இறக்கிவிடும். எர்த் ராடு என்பார்கள். அதை ஒவ்வொரு கம்பியிலும் தொட்டுப் பார்த்து, கடைசியில் மாட்டிவிட்டுத்தான் ஏறுவார். அதில் ஒருநாளும் பொறி பறந்ததில்லை. அவருக்கு உதவியாகப் போகும் நானும் அதை வெறும் சடங்கு என்றே நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு பிற்பகல். புளியங்கிளை முறிந்து விழுந்து கம்பி அறுந்துவிட்டது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாத கடுப்பில் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். சுபாஷ் என்ற விவசாயிக்குப் பொறுமையே இல்லை.

"அதான் கட்டைய புடுங்கிக்கினு வந்துட்டியேண்ணே. இன்னும் இன்னா பூச பண்ணிக்கினு கீற? ஏறு சட்டுனு."

"இருப்பா, சாமி கும்புட்டுக்கிறேன்" என்று சிரித்தபடி செபாஸ்தியான் கழியைத் தூக்கினார். முதல் கம்பி, ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கம்பியில் கொக்கி பட்டதும் படாரென்று நீலப்பொறி தெறித்தது.

கட்டைகள் எல்லாம் அவர் கழுத்தில் தொங்குகின்றன. அப்புறம் எங்கிருந்து வந்தது கரண்ட்?

தெருக்கோடியில் ஒரு ஜெனரேட்டர் முக்கி முனகி நின்றது. உடனே யாரோ அதன் கயிற்றை மறுபடி இழுக்கும் சத்தம் கேட்டது.

"போடாத! டேய், போடாத!" செபாஸ்தியான் கழியைப் போட்டுவிட்டு ஓடினார். நாங்களும் ஓடினோம்.

அது சாவு வீடு. காலையில் இறந்த காசிநாதன் கூடத்தில் பிரீசர் பெட்டிக்குள் கிடந்தார். கரண்ட் போனதும் பெட்டி நின்றுவிடக் கூடாதே என்று அவர் மகன் தமிழரசன் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்திருந்தான். இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரால் அதைச் சுவர் பிளக்கில் சொருகியிருந்தான். தெருக் கம்பியிலிருந்து வீட்டைப் பிரிக்கும் மெயின் சுவிட்சை இறக்கவில்லை. வீட்டுக்குள் ஓட வேண்டிய கரண்ட் வெளியே புறப்பட்டுக் கம்பி வழியே செபாஸ்தியானைத் தேடி வந்திருக்கிறது.

"வூட்டுக்குள்ளதான ஓடும்னு நெனச்சேன்ணா... லைன்ல ஆளு கீதுன்னு தெரியாதுண்ணா" என்றான் அவன். அவனை அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

செபாஸ்தியான் நேரே உள்ளே போனார். மெயினை இறக்கினார். சுவரிலிருந்து அந்த ஒயரைப் பிடுங்கினார். பெட்டியின் ஒயரை நேரே ஜெனரேட்டரில் மாட்டி ஓடவிட்டார். பெட்டி குளிரத் தொடங்கியதும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த காசிநாதனின் மனைவி ரங்கம்மாள் ஒன்றும் புரியாமல் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "புருசன் மொகத்தப் பாத்துக்கினு இரும்மா, இனிமே நிக்காது" என்றார் செபாஸ்தியான்.

கம்பத்துக்குத் திரும்பினோம். கழியை எடுத்து மூன்று கம்பிகளையும் தொட்டார். பொறி இல்லை. கொக்கியை மாட்டினார். சுபாஷ் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

முதல் படியில் கால் வைத்த செபாஸ்தியானின் கை வழக்கம்போல மஞ்சள் பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. இறங்கி வந்து குனிந்து, தரையில் இறங்கும் செப்பு ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.