ஐந்தாவது புள்ளி

பல்லடம் பக்கத்தில் பத்து வருடத்தில் எத்தனை தோப்பு அழிந்தது என்று கேட்டால் ஃபஹீமா யோசிக்காமல் சொல்வாள். காந்திபுரத்து மூன்றாம் மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படங்களில் வயல், வீடு, தரிசு என்று நிறம் பிரிப்பதுதான் வேலை. அந்த மண்ணில் கால் வைத்ததில்லை.

இந்த முறை புதிய சாலைக்கான வரைபடம். கூரை தெரியாத காடெல்லாம் ஆளில்லாத தரிசு. அங்கே யாரையும் கேட்காமல் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிவிடும். வரைபடம் சரிதானா என்று பார்க்க, கணினி குலுக்கிப் போட்ட ஐந்து புள்ளிகளுக்கு மட்டும் நேரில் போக வேண்டும். நான்கு சரியாக இருந்தன.

ஐந்தாவது, சீமைக்கருவேலங்காடு. காலை பதினோரு மணிக்கும் உள்ளே வெளிச்சமில்லை. கைபேசியில் நீலப்புள்ளி நகர்வதைப் பார்த்தபடி முள்ளை ஒதுக்கி நடந்தாள்.

"ஏனுங்க அம்மணி, அப்படியே நில்லுங்க. இன்னொரு எட்டு வெச்சீங்கன்னா கெணறு."

குரல் மட்டும் வந்தது. குனிந்து பார்த்தாள். தரைபோலப் படர்ந்த கொடிக்குக் கீழே தரை இல்லை.

கிளையை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். பெயர் சென்னிமலை, தனி ஆள். மழை பொய்த்த வருடம் தென்னை பட்டுப்போய், கருவேலம் வீட்டு ஓட்டின் மேலேயே கவிந்துவிட்டதாம். கைபேசியை எட்டிப் பார்த்தார்.

"இதுல எங்க ஊடு எங்கீங்க?"

பழைய படங்களை நகர்த்திக் காட்டினாள். முதலில் சிவப்பு ஓடு. அடுத்ததில் பாதி ஓடு. அப்புறம் வெறும் பச்சை.

"அட, என்னைய உசுரோட மூடிப்போட்டீங்களே!" என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்தது அவள்தான்.

அலுவலகம் திரும்பியதும் மேலாளர் தீபக்கிடம் சொன்னாள்.

"அஞ்சுக்கு நாலு கரெக்ட்டுன்னா எண்பது பர்சென்ட். பாஸுங்க."

"உள்ள ஒருத்தர் குடியிருக்காருங்க."

"செக் பண்ணுன புள்ளியைத் திருத்தக் கூடாதுன்னு தெரியாதுங்களா? திருத்துனா அப்புறம் அது என்ன செக்கு? அந்த ஒரு தப்பு இருந்துட்டுப் போகட்டும்."

அவன் நகர்ந்ததும் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கி, குடியிருப்பு என்று எழுதிச் சேமித்தாள். சென்னிமலையின் வீடு தப்பியது.

குலுக்கலில் வராத, அவள் தரிசு என்று குறித்த பச்சைக் கட்டங்கள் இன்னும் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கே அம்புக்குறியை நிறுத்தினாலும், இலைகளுக்கு அடியில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது போலிருந்தது.

"மேப்பை அனுப்பிட்டீங்களா?" என்றான் தீபக்.

"இல்லீங்க," என்றாள்.