ஆள்காட்டி விரலும் சுக்குக் கருப்பட்டியும்

விரலில் சிராம்பு ஏறியது எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம், "கிடங்கில் சரக்குப் பார்க்கப் போனேன், மரம் குத்திவிட்டது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கிடங்கு உண்மை. மரமும் உண்மை. சரக்கைத்தான் நான் பார்க்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மரப் பலகைக்கு முன்னால் குத்தவைத்து, சோடா மூடியைச் சுண்டி விளையாடிக்கொண்டிருந்தான் என்பதுதான் நடந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மன்றத்தின் கேரம் இறுதிப் போட்டி. என் கூட்டாளி என் மனைவியின் தம்பி. விசைப்படகு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். எதிரிகள் மாப்பிள்ளையூரணியிலிருந்து வரும் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் சலூன் நடத்துகிறார். நாள் முழுக்க அடுத்தவர் தொண்டைக்குப் பக்கத்தில் கத்தி பிடித்துப் பழகிய விரல்களுக்கு எவ்வளவு நிதானம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடங்களாக இறுதிப் போட்டியில் அவர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம்.

தோற்றால் தோற்றுவிட்டுப் போகலாம். எங்கள் மன்றத்தில் அப்படிப் போக விடமாட்டார்கள். பரிசு ஒரு முழு சீலா மீன். வெளியூர்க்காரர்கள் வஞ்சிரம் என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கொடுப்பார்களே, அதுதான். ஜெயித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். தோற்றவர்கள் மன்றத்து வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, அந்த மீனை ஊர் பார்க்க ஆய்ந்து, துண்டு போட்டு, கழுவி, ஜெயித்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியவில்லை. நிச்சயமாகத் தோற்றவர் இல்லை.

நான் வெட்கத்துக்கெல்லாம் பழகியவன். பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் பழகித்தான் ஆகவேண்டும். மைத்துனனின் பாடு அப்படியில்லை. போன வருடம் நாங்கள் சட்டையெல்லாம் செதிலாக உட்கார்ந்திருந்ததை ஒருவன் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது புன்னைக்காயலில் இருக்கும் அவனுடைய மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எல்லாரும் படகுக்காரர்கள். அவனுடைய மாமனார் வீடியோவைப் பார்த்துவிட்டு, தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். "மருமவன் வாலுப் பக்கம் இவ்வளவு சதையை வீணாக்குதாரே" என்று மட்டும் வருத்தப்பட்டாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அத்தானைக் கூப்பிடுங்க, ஆஞ்சு தருவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் ஜெயிக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று மைத்துனன் சொல்லிவிட்டான். அவன் மனைவி, "அப்ப நான் தனியா போய்க்கிடுதேன்" என்று சொன்னது அவனை இன்னும் வாட்டியது.

ஆகவே பயிற்சி. என் வேலை, துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்து கொடுக்கும் அலுவலகத்தில். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில், மூட்டைகளை அடுக்கி வைக்கும் மரப் பேலட்டுகள் குவிந்து கிடக்கும். அதில் ஒன்றை ஆடுகளம் ஆக்கிக்கொண்டேன். நான் அதிரடி ஆட்டக்காரன். அடித்தால் பலகை அதிர வேண்டும், பார்க்கிறவன் ஒரு அடி பின்னால் நகர வேண்டும் என்பது என் கொள்கை. வியாழக்கிழமை அந்தக் கொள்கைப்படி ஒரு சுண்டு சுண்டினேன். சோடா மூடி நகரவில்லை. பலகையிலிருந்து ஒரு சிராம்பு கிளம்பி, என் வலது கை ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய போர்க் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். மார்பில் வேல் பாய்ந்தவன் அதைப் பிடுங்கி எதிரி மேலேயே எறிவான். நகக்கண்ணில் சிராம்பு ஏறியவன் என்ன செய்வான் என்று யாரும் எழுதவில்லை. நான் கண்டுபிடித்தேன்: ஒற்றைக் காலில் குதிப்பான். பிறகு சுற்றுமுற்றும் பார்ப்பான். பிறகு ஒன்றுமே நடக்காதவன் போல விசிலடித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைவான்.

வீட்டில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்லாததற்குக் காரணம் என் மனைவியின் தாலிச் செயினில் தொங்கும் ஊக்குகள். அளவு வாரியாகத் தொங்கும். சிராம்பு எடுப்பது அவளுக்கு வேலையில்லை, விருப்பம். தெருவில் எந்தப் பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் முகம் மலர்ந்து, ஒரு ஊக்கைக் கழற்றி, அடுப்பில் காட்டி வாட்டிக்கொண்டே கிட்டே வருவாள். அந்த ஊக்கின் நுனி சிவப்பதைப் பார்த்தாலே நான் செருப்பைத் தேடுவேன். இரண்டு நாள் விரலைச் சட்டைப் பையில் வைத்தே குடும்பம் நடத்தினேன்.

சனிக்கிழமை காலையில் விரல் வீங்கி, தனக்கென்று ஒரு இதயம் வைத்துக்கொண்டு துடிக்க ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியத்துக்குப் போனேன். சிப்பி சுட்ட சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் குழைத்து வைத்துக் கட்டினால், உள்ளே போனது தானாக வெளியே வந்துவிடும் என்பார்கள். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு கிடைத்தது. கருப்பட்டிக் கடைக்குப் போனால், உள்ளே எனக்கு முன்னால் சலூன்காரர் நின்றுகொண்டிருந்தார். என் வலது கை தானாகப் பைக்குள் போனது.

"வாங்க சார், என்ன வேணும்?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"கருப்பட்டி, அண்ணாச்சி. கொஞ்சம் போதும்."

"கொஞ்சம்னா?"

"ஒரு சின்னத் துண்டு."

"துண்டு போட்டா வாங்குவாங்க? எதுக்கு சார், காப்பிக்கா?"

சலூன்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். விரலுக்கு என்று சொன்னால் எந்த விரல் என்பார். எந்த விரல் என்று தெரிந்தால் நாளைய ஆட்டம் இன்றே முடிந்தது.

"காப்பிக்குத்தான்" என்றேன்.

"காப்பிக்குன்னா சுக்குக் கருப்பட்டி கொண்டு போங்க. சுக்கு, மிளகு, ஏலம் எல்லாம் போட்டது. தொண்டைக்கு அவ்வளவு நல்லது."

"நாளைக்குத் தொண்டை எதுக்கு அண்ணாச்சி?" என்றார் சலூன்காரர். "சார் வீட்டுல அரிவாள்மணையைத் தீட்டி வச்சாச்சான்னு கேளுங்க. வேணும்னா நம்ம கடைக்குக் கொடுத்து விடுங்க சார், நான் சாணை பிடிச்சுத் தாரேன்."

நான் கம்பீரமாகச் சிரித்துவிட்டு, இடது கையால் பணம் கொடுத்து, இடது கையால் மிச்சம் வாங்கி, இடது கையாலேயே பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மதியம் மனைவி அடுத்த வீட்டுக்குப் போன நேரம் பார்த்து வைத்தியத்தை ஆரம்பித்தேன். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிவிடும் என்று எங்கோ படித்திருந்ததால் அதைக் கடுகளவுக்குக் குறைத்துக்கொண்டேன். குறைந்ததற்கு ஈடாகக் கருப்பட்டியைத் தாராளமாக ஏற்றினேன். படித்தவன் வைத்தியத்தில் கை வைத்தால் இப்படித்தான் திருத்துவான். விரலைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு அப்பி, கைக்குட்டையால் கட்டி, கட்டிலில் சாய்ந்தேன். முதலில் இதமாக இருந்தது. பிறகு மிளகு தன் வேலையைத் தொடங்கியது. சுக்கு ஒத்தாசைக்கு வந்தது. எரிகிறது என்றால் மருந்து பிடிக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

விழித்தது என் அலறலில்தான். கைக்குட்டை கறுப்பாக இருந்தது, நகர்ந்துகொண்டும் இருந்தது. சன்னல் கட்டையிலிருந்து தலையணை வழியாக என் விரல் வரைக்கும் கட்டெறும்புகள் ஒழுங்காக வரிசை போட்டு வந்துகொண்டிருந்தன. திருவிழா அன்னதானத்துக்குக்கூட எங்கள் ஊரில் அப்படி வரிசையில் நின்று பார்த்ததில்லை. சாப்பிட இடம் கிடைக்காதவை கடித்துக்கொண்டிருந்தன.

மனைவி ஓடி வந்தாள். கையைக் குழாயடியில் பிடித்து, எறும்பைக் கழுவி, கருப்பட்டியைச் சுரண்டி, விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன செஞ்சு வச்சிருக்கிய? விரலுக்குப் பலகாரமா?"

"சிராம்பு, ஏளா. தானா வெளிய வந்திரும்னு..."

"எறும்பு இழுத்துக்கிட்டு வரும்னு நினைச்சியளா?" என்று சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. கை கழுத்துப் பக்கம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் உள்ளே வந்தான். மறுநாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்தவன். நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையை மனைவியிடம் கொடுத்து, மறு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எப்படி நடந்தது என்றும் கேட்கவில்லை.

"எந்த வெரலு?" என்று கேட்டான்.

"ஆள்காட்டி வெரலுதான்" என்றாள் அவன் அக்கா, ஊக்கை வாட்டிக்கொண்டே.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "சுண்டு வெரலு கெடந்துது, மோதிர வெரலு கெடந்துது. இடது கை முழுசா சும்மா கெடந்துது. ஏன் அத்தான், உங்களுக்கு வேற இடமே கெடைக்கலையா?"

"லேய், மனுசனுக்கு வலிக்கில்லா?" என்றேன்.

"எனக்குந்தான் அத்தான் வலிக்கி. புன்னைக்காயல்ல இப்பவே நான் ஆய மீன் எடுத்து வச்சிருப்பாங்க."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ஊக்கு உள்ளே போனது. திறந்த வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. எதிர்வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மனைவி ஊக்கு நுனியில் அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். அரிசியில் பாதி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சன்னலைப் பார்த்தேன்.

ஆளை மாற்றலாமா என்று மைத்துனன் மன்றத்துக்கு ஓடினான். இறுதிப் போட்டிக்கு வந்த பிறகு ஆள் மாற்ற முடியாது, வேண்டுமானால் ஆடாமலே தோற்றுக்கொள்ளலாம், மீனைக் காலையிலேயே ஆய்ந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மன்றத்தில் நிற்க இடமில்லை. சீலா மீன் ஐஸ் பெட்டியிலிருந்து வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. மனைவி என் விரலுக்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தாள். மடக்க முடியாது. நான் எங்கே உட்கார்ந்தாலும் அது எழுந்து நின்று எதையாவது சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. நடுவர் இரண்டு முறை, "என்ன சார், ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டார். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி எதிரே உட்காருவான். ஆட்டம் முழுக்க என் விரல் மைத்துனனின் நெஞ்சையே காட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், குத்தவாளியைக் காட்டுத மாதிரி என்னையே காட்டாதிய. பயமா இருக்கு."

நடுவிரலால் சுண்ட வேண்டியதாயிற்று. அந்த விரலுக்கு அதுவரை வேலையே கொடுத்ததில்லை. அதில் பலமும் இல்லை, அனுபவமும் இல்லை. ஸ்ட்ரைக்கர் மெதுவாகக் கிளம்பி, வழி விசாரித்துக்கொண்டே போவது போலப் போனது. சலூன்காரரின் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஆனால் போன ஸ்ட்ரைக்கர் காயைத் தொட்டது. தொட்ட காய் குழிக்குள் விழுந்தது. எகிறவில்லை, சுவரில் மோதித் திரும்பவில்லை, வேடிக்கை பார்க்கிறவர் மடியில் போய் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் தம்பி சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பக்கமும் சமமாக வந்து சேர்ந்தோம். அவர்களுக்கு மிச்சம் ஒரே ஒரு கறுப்புக் காய், குழி வாயில். எங்களுக்கு ஒரு வெள்ளையும், நடுவில் வைக்கும் அந்தச் சிவப்புக் காயும். சிவப்பைப் போட்டால் அடுத்த அடியிலேயே வெள்ளையையும் போட்டாக வேண்டும். தவறினால் சிவப்பு திரும்பப் பலகைக்கு வந்துவிடும். என் முறை. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான். வாசலில் யாரோ அரிவாள்மணையை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

நடுவிரலால் சுண்டினேன். ஸ்ட்ரைக்கர் போய்ச் சிவப்பின் தோளில் தொட்டது. சிவப்பு குழியின் விளிம்பு வரை போய், நின்று, யோசித்து, விழுந்தது. யாரும் கத்தவில்லை, கத்தினால் அடுத்தது கெட்டுவிடும் என்று பயம். வெள்ளை இடது மூலையில் இருந்தது. ஸ்ட்ரைக்கருக்கு அது வரை போக மட்டும்தான் தெம்பிருந்தது. போய் இடித்தது. வெள்ளை மறைந்தது. ஸ்ட்ரைக்கர் குழிக்கு வெளியே நின்றுகொண்டது.

அப்போதுதான் கத்தினார்கள். சலூன்காரர் பெரிய மனதோடு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வலது கை. நான் இன்னொரு முறை ஒற்றைக் காலில் குதித்ததை எல்லாரும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணனும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து மீனை ஆய்ந்தார்கள். மைத்துனன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, டீயை ஒரு கையிலும் செல்போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தான். ஆயும் கையிலிருந்து ஆய்பவர் முகத்துக்கும், முகத்திலிருந்து மீனுக்கும் திருப்பித் திருப்பி எடுத்தான். பிறகு தன் முகத்துக்கு நேராகப் பிடித்து, "மாமா, வாலுப் பக்கம் பாத்து எடுக்கச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிப் புன்னைக்காயலுக்கு அனுப்பி வைத்தான்.

சுற்றி நின்றவர்களுக்கு நான் விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். வலி, வீக்கம், மூன்று நாள் தூக்கமில்லாதது, மன உறுதி. எறும்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. "இந்த ஆள்காட்டி விரல் மட்டும் நல்லா இருந்திருந்தா, ஆட்டத்தைப் பாதி நேரத்துல முடிச்சிருப்பேன்" என்று விரலைத் தூக்கிக் காட்டினேன்.

மைத்துனன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அந்த வெரலு நல்லா இருந்துதானே அத்தான், மூணு வருசமா மீன் ஆஞ்சோம்."