இடது மரை

ஆய்வகத்தில் அவளைப் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடங்களாகப் புரத மூலக்கூறுகளைக் கணினித் திரையில் உருட்டித் திருப்பி, நிறம் கொடுத்து, கட்டுரைகளுக்குப் படம் செய்து தருகிறவள். படம் நன்றாக வந்தால் பேராசிரியரைப் பாராட்டுவார்கள். சொதப்பினால் மட்டும் படக்காரம்மா எங்கே என்று தேடுவார்கள்.

இந்த முறை, ஒரு புரதத்தின் சுருள்களுக்கு நடுவே மருந்து மூலக்கூறு ஒன்று உட்கார்ந்திருக்கும் அவள் படத்தை ஓர் ஆய்வுப் பத்திரிகை அட்டைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர் வரும். முதல் தடவையாக! அச்சாகி வரும்வரை நாத்தனாரிடம் மூச்சுவிடக் கூடாது என்று இருந்தவள், வாய் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தாள். மறுநாளே சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அச்சகத்திலிருந்து ஒரு குறை வந்தது: நிழல்கள் கரியை அப்பினாற்போல விழுகின்றன. மூலக்கூறு வரையும் அந்த மென்பொருளைப் புழங்குகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. யார் எவர் என்று தெரியாது, கேட்டால் பதில் வரும். படத்தைப் போட்டு, நிழலை எப்படிக் குறைப்பது என்று கேட்டாள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் 'வாத்து' என்ற பெயரில் ஒருவர், நிழல் அமைப்பில் எந்த எண்ணை எவ்வளவு இறக்க வேண்டும் என்று பொறுமையாக எழுதியிருந்தார். கடைசியில் கூடுதலாக ஒரு வரி: 'உங்கள் சுருள் இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறது. படத்தைப் புரட்டிவிட்டீர்களா?'

அவளுக்குச் சுரீரென்றது. நிழலைக் கேட்டால் நிழலைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே! ஆமாம், புரட்டினாள்தான். மருந்து உட்கார்ந்திருந்தது இடப்பக்கம். அட்டையில் எழுத்துகள் வருவதும் அங்கேதான். மருந்து மறைந்துவிடக் கூடாதே என்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் படத்தை இடம் வலமாக்கிவிட்டிருந்தாள்.

வீட்டுக்காரர் லேத் பட்டறைக்காரர். சாயங்காலம் அவர் கைகழுவி வந்ததும் மடிக்கணினியை முன்னால் வைத்தாள்.

"ஏங்க, இந்தச் சுருள் எந்தப் பக்கமா சுத்துது, பாருங்க."

அவர் ஒரே பார்வைதான் பார்த்தார். "எடது மரை. எந்த மரை கழண்டவன் போட்டான் இத?"

"நான்தான்."

அவர் மடிக்கணினியை மெல்ல அவள் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

இயற்கையில் புரதத்தின் இந்தச் சுருள் வலப்பக்கமாகத்தான் முறுக்கிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் கோட்டை விட்டதுதான் வலித்தது.

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேராசிரியர் கையை உதறினார். "யாரும்மா இதையெல்லாம் உக்காந்து பாக்கப் போறாங்க? இப்பப் போய்க் கிளறுனா அட்டையே போயிடும்."

"ஒருத்தர் பாத்துட்டாரு சார்."

பத்திரிகைக்கு அவளே எழுதினாள். மூன்று நாளில் சரியான படம் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆய்வகத்தின் படம் போகும் என்று பதில் வந்தது. கையெட்டும் தூரத்தில் இருந்த பெயரைத் தானே தள்ளிவிட்டோமோ என்று தோன்றியது. படத்தைப் புரட்டாமல் மூலக்கூறையே அரைவட்டம் திருப்பிப் பார்த்தாள். மருந்து வலப்பக்கம் வந்தது, ஆனால் சுருள்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியும் மசியவில்லை.

வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மறுபடி குழுவில் எழுதினாள்: 'ஆமாம், புரட்டினேன். தப்பு என்னுடையது. இப்போது மருந்து மறைகிறது. என்ன செய்ய?'

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நிற்கும் இரண்டு சுருள்களை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஆக்கச் சொன்னார் வாத்து. அதற்கான கட்டளையை இன்னொருவர் எழுதித் தந்தார். அதில் இருந்த ஒரு பிழையை மூன்றாமவர் திருத்தினார். மூன்றாம் நாள் காலையில், தெளிந்த சுருள்களுக்கு உள்ளே மருந்து ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. அனுப்பிவிட்டாள்.

பத்திரிகை வந்தது. பெயரும் இருந்தது. வீட்டுக்காரர் அட்டையில் விரலை ஓட்டி, "மரை சரியா ஏறியிருக்கு," என்றார். நாத்தனார் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனாள். படக்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

குழுவுக்கு நன்றி எழுதினாள். 'வாழ்த்துகள்,' என்றார் வாத்து. 'நேரம் கிடைக்கும்போது பழைய படங்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.'

பழைய படங்களா? எழுந்து ஆய்வக நடைவழிக்குப் போனாள். அவள் செய்த படங்கள் ஐந்து அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்தன. நான்காவதன் முன்னால் நின்றுவிட்டாள். வருகிற விருந்தாளிகளையெல்லாம் பேராசிரியர் அழைத்துவந்து காட்டும் படம் அதுதான். சுவரில் வாசலைப் பார்த்து இருக்கட்டும் என்று அதையும் புரட்டியிருந்தாள். பதினோரு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதன் கீழே அவள் பெயரும் கிடையாது.

மறுநாள் கைப்பையில் வீட்டுக்காரரின் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுக்கொண்டு வந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டுப் பேராசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கழட்டுறேன் சார். இது என்னோடது."

நான்கு திருகாணிகளும் இடப்பக்கமாகச் சுழன்று கழன்று வந்தன.