ஒரு மணிக்கு ஆறு பேர்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவரை எல்லாரும் மேசையக்கா என்றுதான் கூப்பிடுவோம். வரவேற்பறையில் உட்கார்ந்து போன் எடுப்பது அவர் வேலை. ஆனால் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர்களைச் சாப்பிட எங்கே கூட்டிப்போவது, எத்தனை மணிக்கு, எந்த மேசை என்பதெல்லாம் அவர் தலையில்தான் விடியும். பதினாறு வருஷத்தில் இந்தப் பெரிய ஊரில் அவர் ஏறி இறங்காத உணவகம் குறைவு.

இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறதே என்று யாராவது சொன்னால், "நட்சத்திரத்தையா திங்கப் போறோம்?" என்பார். புது இடம் என்றால் ஒரு முறை நேரில் போவார். முதலில் பார்ப்பது கழிப்பறையை. அது சுத்தமாக இருந்தால்தான் மெனு அட்டையைக் கையில் எடுப்பார். ஏசிக்கு நேர் கீழே மேசை வேண்டாம், அடுப்படிக் கதவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். காலை பதினோரு மணிக்குத்தான் போன் செய்வார். கூட்டம் ஆரம்பித்துவிட்டால் எடுக்கிறவர்களுக்குக் காது கேட்காது என்பார். முந்தின நாள் ஒரு தடவை, அன்று காலை ஒரு தடவை உறுதி செய்துகொள்வார்.

இவ்வளவு செய்தும் அவர் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. விருந்தினர்கள் சாப்பிடப் போனால் வாசலைப் பார்த்தபடி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். அவர்கள் திரும்பி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூட இறங்காது.

காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன் வந்த ஆடிட்டர் ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாது. அக்கா போனில் கேட்டார். "அதெல்லாம் போடமாட்டோம் மேடம்" என்றது ஒரு குரல். ஆடிட்டர் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். உதடு வீங்கி, மூச்சு அடைத்து, ஆம்புலன்ஸில் போனார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டார். யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும் என்று அவர் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அதே சோதனை மறுபடி வந்தது. எங்கள் புது லிஃப்டைச் சோதிக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார். அவரோடு ஐந்து பேர். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. அவர் அனுப்பிய தாளின் கடைசி வரியில், வேர்க்கடலை ஆகாது என்று இருந்தது. அக்கா இரண்டு வாரம் முன்பே தனக்கு நம்பிக்கையான இடத்தில் மேசை பிடித்து, மூன்று தடவை பேசி வைத்திருந்தார்.

காலை பத்தேகாலுக்கு அங்கிருந்து போன். கேஸ் குழாயில் கசிவு, இன்றைக்குக் கடை திறக்க மாட்டோம்.

அக்கா போனை வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. அந்த வாரம் ஊரில் பெரிய வணிகக் கண்காட்சி வேறு. வரிசையாகப் பதினோரு இடத்துக்குப் பேசினார். மூன்றில்தான் இடம் இருந்தது.

மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்காவைவிட வயதில் சின்னவர். "ஏதோ ஒண்ணைப் போட்டுடுங்கக்கா. அவங்களே பார்த்து சாப்பிட்டுக்குவாங்க."

"போன்ல சொல்றத நம்பி இன்னொரு தடவ என்னால முடியாது தம்பி. நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

என்னிடம் ஸ்கூட்டர் இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முதல் இடத்தில் டை கட்டிய ஒருவர் வரவேற்றார். அக்கா "வேர்க்கடலை" என்று ஆரம்பித்ததுமே, "நோ ப்ராப்ளம் மேடம், ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். கேள்வி முடியவே இல்லை, பதில் வந்துவிட்டது. அக்கா வெளியே வந்துவிட்டார். இரண்டாவது இடத்தில் என்ன எண்ணெய் என்று கேட்டோம். ஒருவர் இன்னொருவரைக் கேட்டார், அவர் மூன்றாமவரைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மணி பதினொன்றேமுக்கால்.

மூன்றாவது ஒரு சந்துக்குள் இருந்தது. எட்டே மேசை. ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அந்த அம்மா முன்னால், கணவர்தான் சமையல்காரர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டிவந்தார். பருத்த மனிதர். கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டார்.

"வேண்டாம்மா. இங்க கூட்டிட்டு வராதீங்க. இதே மிக்ஸில நேத்துதான் வேர்க்கடலை அரைச்சேன்."

அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, காலையிலேர்ந்து ஒருத்தர் இல்லன்னாங்க, இன்னொருத்தர் தெரியாதுன்னாங்க. இருக்குன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். உங்ககிட்டதான் சாப்பிட வைக்கணும். என்ன செய்யலாம், சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "மிக்ஸியே இல்லாம சமைக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சின்ன அடுப்படி கல்யாண வீடுபோல் அமர்க்களப்பட்டது. மிக்ஸியையும் திறந்திருந்த மாவு டப்பாக்களையும் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். மேடையை இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். அட்டைப்பெட்டியிலிருந்து புது வாணலி வந்தது. மீன் வறுவல், வேகவைத்த காய்கறி, வெறும் சோறு. உப்பு, மிளகு, எலுமிச்சை, புதிதாகப் பிரித்த சூரியகாந்தி எண்ணெய் தவிர வேறு எதுவும் இல்லை என்று முடிவானது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரியில் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஏழாவது பாட்டிலில் நின்றுவிட்டார். மீனில் தடவும் சாஸ். கடுகு அளவு எழுத்தில், வேர்க்கடலை எண்ணெய் கலந்தது என்று இருந்தது.

சமையல்காரர் வாங்கிப் பார்த்தார். "ஆறு வருஷமா இதத்தாம்மா ஊத்திட்டு இருக்கேன்." பாட்டிலை அக்காவிடமே நீட்டினார். "இன்னிக்கும் கை பழக்கத்துல ஊத்தியிருப்பேன்."

அக்கா அந்தப் பாட்டிலைத் தானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். பிறகு வாசலுக்கு வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். "ஏங்க, எனக்குப் பயமா இருக்குங்க. நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்கே தெரியாம ஒண்ணு இருந்துச்சே. இன்னும் என்ன இருக்கோ."

மறுமுனையில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "நீ ஏன் தனியா முடிவு பண்ற? சாப்பிடப் போறவங்ககிட்டயே சொல்லிடு. உசுரு அவங்களோடது."

ஒரு மணிக்குக் கார் வந்தது. மேனேஜர் இறங்குவதற்குள் அக்கா இன்ஜினியரிடம் போனார். ஒன்றையும் மறைக்கவில்லை. கேஸ் கசிவு, மிக்ஸி, பாட்டில், கழுவிய மேடை, புது வாணலி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா பழமும் ரொட்டியும் வாங்கி வெச்சிருக்கேன்மா." உண்மையில் வாங்கியிருந்தார், என் ஸ்கூட்டரில்தான் இருந்தது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஜினியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து மருந்து ஊசியைக் காட்டினார். "இது இல்லாம நான் எங்கயும் போறதில்ல. எந்த ஊருக்குப் போனாலும் பிரச்சினை இல்லன்னுதான் சொல்வாங்க. எந்த பாட்டில்ல இருந்துச்சுன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. வாங்க, சாப்பிடலாம்."

அக்கா அடுப்படி ஓரத்தில் நின்று கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வாய். இரண்டாவது. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம். திடீரென்று இன்ஜினியர் இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது.

அக்கா ஓடினார். வழியில் இருந்த நாற்காலி உருண்டது. கைப்பையைக் கவிழ்த்து ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

இன்ஜினியர் கையை ஆட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தார். கண்ணில் நீர். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. புரையேறிடுச்சு. யாரோ ரொம்ப நினைக்கிறாங்க போல."

"நான்தான்மா நினைச்சேன்" என்றார் அக்கா. "காலையிலேர்ந்து வேற நினைப்பே இல்ல."

மேசையே சிரித்தது. மேனேஜர்கூடச் சிரித்தார். அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். சாப்பாடு முடியும்வரை எழுந்திருக்க விடவில்லை.

அன்றோடு அக்காவின் பயம் போய்விட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போகவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் போனில், "வேர்க்கடலை போடமாட்டீங்கல்ல?" என்று கேட்பார். இப்போது, "உங்ககிட்ட எதுல எல்லாம் வேர்க்கடலை இருக்கு?" என்று கேட்கிறார். எதிலும் இல்லை என்று சட்டென்று சொல்கிறவர்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிடுகிறார். இருங்க, பார்த்துட்டு வரேன் என்று போகிறவர்களுக்காக எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறார்.

இந்தத் திங்கட்கிழமை பதினாலு பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் சக்கர நாற்காலிக்காரர். அக்கா நேற்றே அளவு நாடாவோடு கிளம்பிவிட்டார், வாசற்படி எத்தனை அங்குலம் என்று பார்க்க.