கண்மாய்க் கரையில் அண்ணனுக்குப் போட்ட வெடி

அண்ணன் அவர்களின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களையும், அவரோடு பழகியவர்களையும் கும்பிட்டு இதை எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தவர் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றார்கள். வேறு யார் எழுதினாலும் நல்லதை மட்டும் எழுதுவார்கள் என்று நானே உட்கார்ந்தேன்.

அண்ணன் அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் நம் ஊரில் பிறந்தார். எங்களைப் பெற்ற அய்யா காட்டுக் கூலிக்குப் போனவர், மழை இல்லாத ஒரு வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அண்ணனுக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. நான் படிக்க வேண்டும் என்று அவர் பயராபீஸ் வேனில் ஏறினார். பட்டாசுக் கம்பெனியை நாம் அப்படித்தானே சொல்வோம். ஆனால் நான் படிக்கவில்லை. வேன் திரும்பி வருகிறதா என்று தெருமுனையில் நின்றவனுக்குப் பாடம் ஏறவில்லை. இடி இடித்தால்கூட ஆபீஸ்தான் வெடித்தது என்று ஓடுவேன். ஒருநாள் அது உண்மையாகவே நடந்தது. வெடிமருந்து அறையில் தீப்பிடித்து அண்ணனின் இடது கை வெந்தது. இடது காது கேட்காமல் போனது.

கை ஆறியதும் வனத்துறையில் தினக்கூலிக் காவலராகச் சேர்ந்தார். காக்கிச் சட்டை, ஒரு கம்பு, ஒரு விசில். நம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில், தண்ணீர் பெருகும் வருஷங்களில் நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும். கார்த்திகையில் வந்தால் சித்திரையில்தான் போகும். அவற்றைச் சுட வருகிறவர்களையும் மரம் வெட்ட வருகிறவர்களையும் தடுப்பதுதான் வேலை. நிரந்தரம் ஆக்குவதாக ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள். கடைசிவரை ஆகவில்லை.

துப்பாக்கிக்காரர்களைக்கூட விரட்டிவிடலாம். வெடிச் சத்தத்தை என்ன செய்வது? ஊரில் பாதிப் பேர் வெடி செய்து பிழைக்கிறவர்கள். கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்க்கும் இடமும் கண்மாய்க்கு நேர் கிழக்கே இருந்தது. அண்ணன் மேனேஜரைப் பார்க்கப் போனார். நானும் பயந்துகொண்டே கூடப் போனேன், நான் அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

"கொக்கு இருக்குன்னு கம்பெனிய மூடச் சொல்றியா?" என்றார் மேனேஜர்.

"மூட வேணாம் சார். மேக்க அந்தப் பொட்டல்ல வச்சுக் கொளுத்துங்க. அங்கன ஓணான்தான் கெடக்கு."

"ஓணானுக்குச் சிபாரிசு பண்ண ஆள் இல்லையாக்கும்?"

"அதுக்கும் ஒருத்தன் வருவான் சார். அதுக்குள்ள கொளுத்திருங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். இடம் மாறியது.

ஊரையும் அப்படித்தான் பேசிப் பேசி இழுத்தார். டீக்கடையில் கேலி பண்ணுவார்கள். "என்னய்யா, உம்ம சம்பந்தகாரங்க வந்து எறங்கிட்டாகளா?" என்பார்கள். "வந்துட்டாக. பேறுகாலத்துக்கு வந்திருக்காக, கொஞ்சம் மெல்லப் பேசுங்க" என்பார். கேலி பண்ணியவர்களே பிறகு ஊர்க்கூட்டத்தில் கை தூக்கினார்கள். பறவை இருக்கும் மாதங்களில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வெடி இல்லை என்று முடிவானது. சாவு விழுந்தால் மட்டும் தெருவில் போடுவார்கள், பள்ளிக்கூடம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டினால் கண்மாய்க் கரை. சுடுகாட்டுக்கு அதுதான் வழி.

சுனாமி வந்ததற்கு மறுவருஷப் பெருமழையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அதுபோல் பறவை வந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தை மாதம்தான் அண்ணனுக்கு இருமல் முற்றியது. பழைய வெடிமருந்துத்தூள் நுரையீரலைத் தின்றுவிட்டது என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார்.

"ஏலே, குஞ்சுக எறக்கை வச்சிருச்சா?"

"வச்சிருச்சுண்ணே."

"பறக்குதா?"

"இன்னும் இல்லண்ணே."

"அப்ப நான் கொஞ்சம் பொறுத்துல்லா போகணும்" என்று சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. அடங்கியபின் சொன்னார்: "எனக்கு வெடி வேணாம்லே. தெருவுலயும் வேணாம், கரையிலயும் வேணாம். நீதாம்லே சொல்லணும்."

"சொல்றேண்ணே" என்றேன்.

மாசியில் அண்ணன் காலமானார். அவருக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டி என் கைக்கு வந்தது. பழைய தொழிலாளி என்று கம்பெனியிலிருந்து மாலையும், ஒரு வேன் நிறைய வெடிச்சரமும் வந்து இறங்கின. நம் பக்கம் அதுதான் பெரிய மரியாதை. சாத்தூரிலிருந்து வந்திருந்த எங்கள் தாய்மாமா அதைப் பார்த்துத்தான் முதல்முறையாக அழுதார்.

நான் அவரிடம் போனேன். "மாமா, அண்ணன் வந்து..."

"அண்ணன் என்னலே? எம் மருமகன் என்ன, கேக்க ஆளில்லாத பொணமா? நாலு ஊருக்குக் கேக்கணும்லே."

"ஒண்ணுமில்ல மாமா."

அண்ணனோடு வேலை பார்த்த வனக்காப்பாளர் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, கரையில வெடி வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா, துக்க வீட்டுல சட்டம் பேசுறான்னு ஆயிரும்." "இந்தா சொல்றேன் சார்" என்றேன். சொல்லவில்லை. கம்பெனியில் வருத்தப்படுவார்களோ, வேலைக்கு வினை வருமோ, செலவுக்குப் பயந்து அண்ணனைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டான் என்று சொந்தத்தில் பேசுவார்களோ என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். பள்ளிக்கூடம் வந்ததும் தானாக நின்றுவிடும் என்றும் நினைத்தேன். நிற்கவில்லை. வெடி போட்டவர்கள் கம்பெனி ஆட்கள், வெளியூர்க்காரர்கள். ஊர்க்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்காரனே பேசாமல் வரும்போது அவர்கள் என்ன சொல்வார்கள்? நான் தரையைப் பார்த்து நடந்தேன்.

கரையில் பத்தாயிரம் வாலாவை நீளமாக விரித்துக் கொளுத்தினார்கள். கண்மாயில் இருந்த பறவை மொத்தமும் எழுந்துவிட்டது. இறங்கப் பார்க்கும்போது அடுத்த சரம். இறக்கை வலுக்காத குஞ்சுகள் மிரண்டு கூட்டிலிருந்து தண்ணீரில் விழுந்தன. விழாமல் இருந்தவற்றைக் காக்கையும் பருந்தும் தூக்கின. அண்ணன் அதற்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் நம் ஊர்ப் பெண்கள் வேலைக்குப் போகாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கிடைத்த குஞ்சுகளை ஓலைப்பெட்டியில் அள்ளி வந்தார்கள். மீன் ஊட்டினார்கள். நாலைந்து நாளில் எல்லாம் செத்துவிட்டன. பெரிய பறவைகள் வாரத்துக்குள் போய்விட்டன. இந்த வருஷமும் கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, மரம் இருக்கிறது. கார்த்திகை போய், மாசியும் வந்துவிட்டது. ஒன்றுகூட வரவில்லை. பறவை இல்லாத கண்மாய்க்குக் காவலர் எதற்கு என்று அண்ணன் இடத்துக்கும் ஆள் போடவில்லை. கேட்டால் அதுவும் நியாயம்தானே.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை மதினியிடம் படித்துக் காட்டினேன். திட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்கள்:

"வெடி வேணாம்னு எங்கிட்டயும் சொல்லித்தான் இருந்தாக, கொழுந்தனாரே. வேன் வந்து நின்னப்ப எனக்கு வாய் வரல. காலம் பூரா தினக்கூலியா இருந்த மனுசனுக்கு இம்புட்டு மரியாதையான்னு இருந்துச்சு. இதையும் எழுதிருங்க."

எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்து, அண்ணனுக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கி வந்த விருதுநகர் பாய் வீட்டு அம்மாவுக்கும், கடைசிவரை விடுப்பு எழுதாமல் அண்ணன் பெயரை வருகைப் பதிவில் வைத்திருந்த வனக்காப்பாளர் சாருக்கும், தண்ணீரில் இறங்கிய பெண்களுக்கும், மரியாதை செய்வதாக நினைத்தே வேன் அனுப்பிய கம்பெனிக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

நன்றி சொல்ல முடியாத ஒரு கூட்டமும் இருக்கிறது. வெந்த கையோடு வீட்டில் சுருண்டு கிடந்த அண்ணனை எழுப்பி நடக்கவைத்தது அதுதான். இப்போது எந்தக் கண்மாயில் இறங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் வரமாட்டேன். சாவு விழுந்தாலும் அந்தக் கரையில் வெடி வேண்டாம் என்று, அந்த ஊர்க்காரர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அண்ணனின் தம்பி