தொடர்கதை நிருபரின் சம்பளம்

என் தங்கையின் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகை நிருபரின் சம்பளத்தைக் கணக்குப் போட்டேன். அந்த நிருபர் கதையில் வருகிறவன்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் திருவண்ணாமலை தாலுகா ஆபீசில் கிளார்க். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையைத் தங்கை சத்தமாக வாசிப்பாள். கதாநாயகன் மெட்ராஸில் நிருபர்.

அந்த நேரத்தில் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கும் மெட்ராஸில் நிருபர் வேலை.

"ரிப்போர்ட்டருன்னா எவ்ளோடா வரும்?" என்று அம்மா கேட்டார்.

தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம். பழைய இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டேன். கதாநாயகன் கடல் தெரியும் மாடி வீட்டில் இருந்தான், அதற்கு ஒரு வாடகை. ஸ்கூட்டர், பெட்ரோல், வீட்டில் டெலிபோன், ஓட்டல் சாப்பாடு, லாண்டரி என்று வரிசையாக எழுதிக் கூட்டினேன். கதைதானே என்று கொஞ்சம் கம்மி செய்தும் ஆயிரம் ரூபாய் நின்றது. என் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

சமையலறை வாசலில் நின்றிருந்த தங்கை, "அண்ணா, அது கதை" என்றாள்.

"விசாரிக்காம எழுத மாட்டாங்க" என்றேன்.

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையே பேச்சை எடுத்தார். "சம்பளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்றேங்க..."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியுங்க" என்றேன். அவர் காபியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து மெட்ராஸ் போனேன். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். தங்கை இருந்தது ஒற்றை அறை. மூலையில் தையல் மெஷின், அதன்மேல் யார் யாருடைய ரவிக்கைகளோ.

"ஏம்மா எனக்கு எழுதல?"

"என்னன்னு எழுத? இவரு நல்லவருண்ணா. அது போதும்" என்றாள். முகம் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தாள்.

மதியம் மாப்பிள்ளை வந்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தணிந்த குரலில், "மச்சான், அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க தெரியும்னுட்டீங்க" என்றார். என்னைவிட நாற்பது ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். அதுவும் சில மாதம் பாதி பாதியாக வருமாம். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஊர் திரும்பியதும் அம்மா, "வூடு எப்பிடிடா? கடலு தெரியுதா?" என்றார்.

"தெரியுதும்மா."

எதிர்வீட்டுக்காரர்களிடம் அதைச் சொல்ல அம்மா உடனே எழுந்து போனார். அவர் இறக்கும்வரை அந்தப் பொய் அப்படியே இருந்தது. உடம்பு வலி, அது இது என்று என்னென்னவோ சொல்லி, அம்மாவின் மெட்ராஸ் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எண்பதுகளில் ஒரு கார்த்திகைக்குத் தீபச் செய்தி எழுத மாப்பிள்ளையை அவருடைய பத்திரிகையில் எங்கள் ஊருக்கே அனுப்பினார்கள். மலையில் தீபம் ஏற்றியதும் ஊரே கைகூப்பி நிற்க, அவர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பிறகு தந்தி ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கூட்டத்தை விலக்கிவிட்டுக்கொண்டே நானும் கூடப் போனேன்.

வரிசையில் நிற்கும்போது கேட்டேன். "உங்க வேலை எப்பிடிங்க மாப்ள? ஒரு நாளு எப்பிடிப் போவும்?"

அவர் தந்தித் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "காலைல மார்ச்சுவரிலேருந்து ஆரம்பிக்கும் மச்சான்" என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் முறை வரும்வரை நான் குறுக்கே பேசவில்லை.