ஸ்பிரே அக்காவிடம் உள்ள சாவி

"ஸ்பிரே அக்கா" என்று யாராவது கூப்பிட்டால் வியாகுலமேரிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? ஆவூரிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் பிசியோதெரபி படித்தவள். புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டு அணிகளுக்கு ஆறு வருஷமாக அவள்தான் காயம் பார்க்கிறாள். பிசகிய கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, விலகிய தோளுக்குப் பயிற்சி கொடுப்பது, 'மூணு வாரத்துக்கு ஆடக் கூடாது' என்று சொல்லித் திட்டு வாங்குவது எல்லாம் அவள் பாடு. ஆனால் கல்லூரிக்குத் தெரிந்தது ஒன்றுதான். எவனாவது விழுந்தால் அவள் ஓடிவந்து வலி ஸ்பிரேயை 'புஸ்' என்று அடிக்க வேண்டும், அவன் எழுந்து ஆட வேண்டும்.

உடற்கல்வி இயக்குநர் எழிலரசன், எல்லோருக்கும் பி.டி. சார். அவரிடம் மூன்று வருஷமாக ஓர் ஐஸ் பெட்டி கேட்டுப் பார்த்தாள். "எதுக்கு மேடம், கிரவுண்டுல ஜூஸ் கடை போடப் போறீங்களா?" என்று சிரித்தார். சரி, கட்டுத் துணியெல்லாம் விளையாட்டு அறைக்குள் கிடக்கிறதே, அந்தச் சாவியையாவது கொடுங்கள் என்றாள். "அதான் நான் இருக்கேன்ல" என்றுவிட்டார். அந்தக் காலத்து மாமியார் இடுப்பில் தொங்குவது போலச் சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பிலேயே தொங்கும்.

அந்தப் பங்குனியில் கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டி இவர்கள் மைதானத்தில் நடந்தது. எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஆட விட மாட்டார்கள். எதிரணிக்குள் பாடிப்போகிற சந்தோஷ், குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பையன், ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தான். காலையில் மேரி வந்து பார்த்தால், இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் கிடையாதாம்.

"சார், அவன நிறுத்துங்க. ஒடம்பு சூடேறிச் செத்துப்போயிருவான்."

"பதினோரு மணிக்கு எடை பாக்கணும் மேடம். நீங்க அங்கிட்டு போயி ஒங்க ஸ்பிரேயப் பாருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பையனிடம் ஓடினாள். "கோட்டக் கழட்டுடா!"

"இன்னும் அரைக் கிலோதான்க்கா..." நாக்கு குழறியது. அவள் கோட்டைப் பிடித்து இழுக்கும்போதே சாய்ந்தான். தொட்டால் தோசைக்கல்லாகச் சுட்டது. கண் செருகி, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

"வலிப்பு! இரும்பு குடுங்க, இரும்பு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்த எழிலரசன், இடுப்புச் சாவிக்கொத்தை உருவிப் பையன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் போட்டுக்கொள்கிற மனுஷர்!

"அடச்சீ, தள்ளுங்க!" மேரி அவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். அப்போதுதான் கொத்தில் இருந்த விளையாட்டு அறைச் சாவி அவள் கண்ணில் பட்டது. காலையில் அவள் முன்னால்தான் சிறப்பு விருந்தினருக்காகப் பன்னீர் சோடாவும் ரோஸ் மில்க்கும் கொண்டுவந்து இறக்கினார்கள். நீல டிரம்மை நெடுக்கில் அறுத்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாளம் பாளமாக ஐஸைப் போட்டு, பையன்கள் கை வைத்துவிடுவார்கள் என்று விளையாட்டு அறையில் பூட்டியிருந்தார் எழிலரசன்.

கொத்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். "தூக்கிட்டு வாங்கடா! ஒருத்தன் நூத்தியெட்டுக்குப் போன் போடு!" கதவைத் திறந்து பாட்டில்களை வாரித் தரையில் வீசினாள். நாலு பேர் சேர்ந்து சந்தோஷைத் தொட்டிக்குள் இறக்க, தலை முங்காமல் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், சீஃப் கெஸ்ட் வந்துக்கிட்டிருக்காரு!" என்று வாசலில் நின்று பதறினார் எழிலரசன்.

"வரட்டும். அவருக்கு வாங்கி வச்ச மாலைய இவன் பொணத்துக்குப் போடச் சொல்லவா?"

பத்து நிமிஷம். இழுப்பு நின்றது. கண் திறந்தது. "குளுருதுக்கா" என்றான். மேரிக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஒரு வசவும் வந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் ஐஸில் போட்டதுதான் உயிரைக் காப்பாற்றியது என்றார். ஆனால் கல்லூரியில் வேறு கதை ஓடியது. "நான் மட்டும் டயத்துக்கு இரும்பக் குடுக்கலைன்னா..." என்று கேன்டீனில் எழிலரசன் அளந்துகொண்டிருந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கை மீசையை முறுக்குமா? இவர் முறுக்கினார். சந்தோஷின் அம்மா செல்வராணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "ஒங்க சாவிதான் சார் எம்புள்ளயக் காப்பாத்துச்சு" என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்ற மேரிக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே அவளுக்கு முதல்வரிடமிருந்து ஒரு மெமோவும் வந்தது. விருந்தினர் பானங்களைப் பாழாக்கியதற்கும் இயக்குநரைப் பிடித்துத் தள்ளியதற்கும் விளக்கம் வேண்டுமாம்!

கோபம் கோபமாக நாலு பக்கம் எழுதினாள், கிழித்தாள். பிறகு, பறித்ததிலிருந்து அவளிடமே கிடந்த கொத்திலிருந்து விளையாட்டு அறைச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பதிலோடு சேர்த்து அனுப்பினாள்.

"பையனைக் காப்பாற்றியது சாவிதான் என்று இயக்குநரே எல்லோரிடமும் சொல்கிறார். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே உயிர் காக்கும் அந்தச் சாவி இனிமேல், காயம் பார்க்கிற என்னிடம்தான் இருக்கும்."

முதல்வர் அதன் கீழேயே 'ஆகட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது போட்டி நாளென்றால் அந்த நீலத் தொட்டியில் ஐஸ் நிரம்பிக் கிடக்கும். ஒரு பந்து வேண்டுமென்றாலும் எழிலரசன் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

"மேடம், அந்தச் சாவி எங்கிட்டயும் ஒன்னு இருந்தா..."

"எதுக்கு சார்? அதான் நான் இருக்கேன்ல."